முன்கூட்டியே சொன்ன சாட்சி

நெய்வேலி
15 ஜூன் 2025

நிலா,

கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. எட்டு மாதமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை பிளாக் செய்ய வழியில்லை, அதனால் எழுதுகிறேன்.

நானாக எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீயே கண்டுபிடித்து, அதற்கு ஒரு சண்டை வேண்டாம். என் செக்ஷனிலிருந்து ஒரே வருஷத்தில் மூன்று பேர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவதாகப் போன இசக்கிமுத்து, "மேடம், உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டேன், ஆனா தூக்கம் போயிடுச்சு" என்றான். இதைப் பாஸ்டரம்மாவிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சர்ச் பக்கத்து ஹாலில் ஒரு பயிற்சி நடக்கிறது, போய் உட்கார் என்றார். ஜெயித்தே தீர வேண்டும் என்று ஓடுகிற ஆட்களுக்கான கிறிஸ்தவப் பயிற்சியாம். பன்னிரண்டு பாடம். நடத்துகிறவள் இசைப்பிரியா, கோயம்புத்தூர்க்காரி, வயது முப்பத்தொன்று. எனக்கு சர்வீஸே இருபத்துநாலு வருஷம். இந்தப் பெண் எனக்கு என்ன சொல்லித் தந்துவிடுவாள் என்றுதான் போனேன்.

முதல் நாளே ஒரு டெஸ்ட். யார் எந்த மாதிரி ஆள் என்று பார்ப்பதற்கு. சாதிக்கத் துடிக்கிற வகையில் எனக்கு 42-க்கு 41. அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று கேட்டேன். ஹாலே சிரித்தது. "இந்தக் கேள்விக்கே அந்த ஒரு மார்க்கையும் போட்டுடலாம்க்கா" என்றாள் இசைப்பிரியா. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

இப்போது ஐந்தாவது பாடம். நாம் காயப்படுத்திய ஒருவருக்குக் கைப்பட எழுத வேண்டும். ஆலோசனை கூடாது, திட்டம் கூடாது, பைபிள் வசனம் கூடாது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் நான் என்னத்தை எழுதுவது என்று கேட்டேன். "அதைத்தான் பாக்கணும்" என்றாள்.

சரி, எழுதுகிறேன். குவார்ட்டர்ஸ் பலாமரம் இந்த வருஷம் பதினோரு காய் காய்த்தது. பழுத்ததும் உனக்குப் பிடிக்குமே என்று தோன்றியது. பக்கத்து வீட்டு ஜான் பீவியக்காவிடம் கொடுத்துவிட்டேன். முழுப் பழத்தை அறுத்து ஒருத்தி என்ன செய்வது?

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஓசூரில் ■■■■■■■■

மேலே அடித்திருப்பது ஒரு டாக்டர் பெயர். விதியை மீறிவிட்டேன்.

அக்கா
தனகோட்டி

*

ஓசூர்
29 ஜூன் 2025

அக்கா,

கிழிக்கவில்லை. சிவா கவரைப் பார்த்துவிட்டு, "உங்கக்கா கையெழுத்து, ஏதோ நோட்டீஸ் மாதிரியே இருக்கு" என்றார். படித்துவிட்டு இரண்டு நாள் அதை அரிசி டின் மேலேயே வைத்திருந்தேன்.

ஹோம்வொர்க் என்று நீயே சொல்லிவிட்டாய். அதற்கு நன்றி. இதற்கு எத்தனை மார்க் போடுவார்கள்? நான் பதில் எழுதினால் போனஸ் மார்க் உண்டா?

நான் காயப்பட்டேன் என்று எழுதியிருக்கிறாய், எதனால் என்று எழுதவில்லை. மறந்துவிட்டாயோ என்று நானே எழுதுகிறேன். ஐந்து வருஷம் ட்ரீட்மென்ட் எடுத்து, ஏழாவது வாரம் உனக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன். "யாருக்கும் சொல்லாதக்கா" என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே உன் சர்ச் அறுப்பின் பண்டிகையில் மைக்கைப் பிடித்து, "என் தங்கை மே மாசம் குழந்தை பெறுவாள், விசுவாசத்தில் முன்கூட்டியே சாட்சி சொல்லி நன்றி செலுத்துகிறேன்" என்றாய். அதை வீடியோ எடுத்து எனக்கே அனுப்பினாய்.

பதினோராவது வாரம் எல்லாம் போய்விட்டது. அதற்கப்புறமும் ஒரு மாதம் உன் சர்ச் ஆட்கள் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே "ஸ்தோத்திரம் ஆன்ட்டி" என்று சொன்னேன் அக்கா. போய்விட்டது என்று ஒவ்வொருவருக்காகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நீ கூப்பிட்டாய், மறுநாள். முதல் கேள்வி என்ன கேட்டாய் தெரியுமா? "நடுவுல ஜெபத்த வுட்டுட்டியா?" அடுத்தது, "ரிப்போர்ட்ட எல்லாம் அனுப்பு, ஜனவரில அடுத்தத பாத்துக்கலாம்."

போன் வேண்டாம். உன் குரல் கேட்டால் நான் எட்டு வயசுப் பிள்ளையாகி "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிடுவேன். எழுதுவதானால் எழுது.

நிலா

*

நெய்வேலி
13 ஜூலை 2025

நிலா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்து செத்தார். அம்மா குறிஞ்சிப்பாடி வயல்களில் களை பறித்துச் செத்தாள். உன்னைப் படிக்க வைத்தது யார்? நீ சிவசங்கரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது சர்ச்சில் பாதிப்பேர் முகம் திருப்பிக்கொண்டார்கள். முன்வரிசையில் நின்று உன் கல்யாணத்தை நடத்தியது யார்? உனக்காக இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தேன். நாற்பது பேரைச் சேர்த்து, யார் எந்த மணிக்கு ஜெபிப்பது என்று சார்ட் போட்டேன். ஷிப்ட் மாறுகிறவர்களுக்குத் தனி சார்ட். நான் என்ன கொலையா செய்துவிட்டேன்?

இதை எழுதி நாலு நாள் ஆகிறது. கிழித்துப் போட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். அப்படியே இருக்கட்டும், நான் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். போன், புத்தகம், ஜெபக் குறிப்பு எதுவும் கூடாது. முதல் வாரமே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். இசைப்பிரியாவிடம் சொன்னேன். "அக்கா, இதுலயுமா?" என்றாள். இப்போது ஒரு மணி நேரத்தோடு எழுந்துவிடுகிறேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உட்கார்ந்தால் என்ன தெரிகிறது? பிளாக்கில் எல்லா வீட்டிலும் குக்கர் விசில் கேட்கிறது. என் வீட்டில் மட்டும் இல்லை. சனிக்கிழமை வைத்த குழம்பையே ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடுகிறேன். ஒருத்திக்குச் சமைப்பது வேலை மெனக்கெட்ட காரியம் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. எதிரில் தட்டு இல்லாமல் உட்காரப் பயமாக இருக்கிறது. ஆபீஸில் இருநூறு பேர் எனக்கு எழுந்து நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் என் செருப்புச் சத்தம்தான்.

மைக்கில் சொன்னது தப்பு. ஜெபத்தை விட்டுவிட்டாயா என்று கேட்டதும் தப்பு. மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை, பழக்கமில்லை.

அக்கா

*

ஓசூர்
3 ஆகஸ்ட் 2025

அக்கா,

முதல் பாதியைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். சிவாதான் "முழுசாப் படிச்சிட்டு எரி" என்றார். நல்லவேளை.

நீ எனக்குச் செய்ததையெல்லாம் நான் மறக்கவில்லை. அதுதான் தொல்லையே. நீ செய்ததற்கெல்லாம் நான் பதிலுக்கு ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். பத்தாவதில் மார்க், காலேஜ், அப்புறம் பிள்ளை. பிள்ளை வந்ததும் உன்னிடம் சொல்ல ஓடி வந்தது அதற்காகத்தான். எனக்குக் கிடைத்துவிட்டது என்பதைவிட, அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இதை சிவாவிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது ஒரு ரோஜாப் பண்ணையில் பேக்கிங் ஷெட்டில் வேலைக்குப் போகிறேன். எம்.எஸ்ஸி படித்தவள் பூக்கட்டு கட்டுகிறாளா என்று நீ கேட்பாய். கேட்காதே. காலையில் போனால் தண்டை அளந்து அளந்து பிரித்து வைக்கிறோம். பக்கத்தில் ஆசிஃபா என்று ஒருத்தி, நாள் முழுக்கத் தன் மாமியாரைப் பற்றியே பேசுவாள். எனக்கு எத்தனை பிள்ளை என்று இதுவரை கேட்கவில்லை. கேட்காததற்காகவே அவளை எனக்குப் பிடிக்கிறது.

சனிக்கிழமைக் குழம்பை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடாதே, வயிறு கெட்டுப்போகும். ஒரு முட்டையாவது பொரித்துக்கொள்.

எழுது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒன்றும் சரியாகவில்லை. நான் பதில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நிலா

*

நெய்வேலி
24 ஆகஸ்ட் 2025

நிலாக்குட்டி,

முட்டை பொரித்தேன். இரண்டு.

பூக்கட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, பார்த்தாயா?

இன்னொன்று. பன்னிரண்டு பாடத்தையும் எல்லாருக்கும் முன்னால் நான்தான் முடித்தேன். இன்னும் நாலு பேருக்கு எட்டாவது பாடமே ஓடுகிறது. அடுத்த ஞாயிறு நிறைவுக் கூட்டம். முடித்தவர்களில் ஒருவர் பேச வேண்டுமாம், பாஸ்டரம்மா என் பெயரைச் சொல்லிவிட்டார். இசைப்பிரியா, "அக்கா, வேணும்னா மட்டும் பேசுங்க, பேசலைன்னாலும் ஒண்ணும் இல்ல" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. வரும் பருவத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே துணைப் பயிற்சியாளராக இருக்கலாம் என்றும் பேச்சு அடிபடுகிறது.

பயப்படாதே, சும்மா உட்காருகிற பாடத்தைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். ஐந்தே நிமிஷம்.

அக்கா

*

ஓசூர்
7 செப்டம்பர் 2025

அக்கா,

புவனா கூப்பிட்டாள். உங்கள் பிளாக்கில்தானே இருக்கிறாள், பாட்டுக் குழுவில் பாடுவாளே, அவள்தான். "நிலா, ஸ்தோத்திரம்! நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துட்டீங்களாமே. என் தங்கச்சி மன்னிச்சிட்டா, தேவன் குடும்பத்த கட்டிட்டார்னு அக்கா அழுதுகினே சாட்சி சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினோம்" என்றாள்.

நான் எப்போது அக்கா மன்னித்தேன்? எந்தக் கடிதத்தில்? எந்த வரியில்?

அன்றைக்கு என் பிள்ளை. இன்றைக்கு என் மன்னிப்பு. இரண்டும் வந்து சேர்வதற்குள் நீ கைதட்டல் வாங்கிவிட்டாய்.

முழுசாக ஐந்து நிமிஷம் உன்னால் தாங்க முடியவில்லை, இல்லையா?

இனி எழுதாதே.

*

நெய்வேலி
28 செப்டம்பர் 2025

நிலா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இதற்குப் பதில் வராவிட்டால் அடுத்தது வராது.

சும்மா உட்காருகிற பாடத்தைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தேன். ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். குக்கர் விசில் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். அப்புறம் அமைதியாகிவிட்டது. எனக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்று மாதம் பயிற்சிக்குப் போய் என்ன கண்டாய் என்று எல்லார் முகமும் கேட்பது போலிருந்தது. ஒன்றும் ஆகவில்லை, தங்கை பதில் எழுதுகிறாள், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். அது போதாது என்று எனக்குத் தோன்றியது. வாயில் வந்துவிட்டது. சொல்லும்போது அது நடந்துவிட்டது போலவே அழுகை வந்தது. நடிக்கவில்லை நிலா. ஆசைப்பட்டதை நடந்ததாகச் சொல்லிவிட்டேன்.

இசைப்பிரியாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "அக்கா, நீங்க வூடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே சேந்துட்டேன்னு போன் பண்ற ஆளு" என்றாள். கோயம்புத்தூருக்கும் நெய்வேலிக்கும் நடுவில் அலைந்து அலைந்து நம் பேச்சுக்கூட அவளுக்குத் தொற்றிக்கொண்டது. மேடையேறி எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டேன். "அதுவும் மேடைதானேக்கா" என்றாள். மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பி என்றாள். ஆரம்பித்திருக்கிறேன். துணைப் பயிற்சியாளர் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புவனா வீட்டுக்கு நடந்து போனேன். "என் தங்கச்சி என்கூட பேசல, நான் சொன்னது பொய்" என்றேன். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. காபி போடப் போனாள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன். சர்ச்சில் இப்போது என் பெஞ்சில் ஒருவரும் உட்காருவதில்லை. உட்காரவும் வேண்டாம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பிள்ளை போன அன்றைக்கு நீ நாலு தடவை கூப்பிட்டாய். நான் ரிவ்யூ மீட்டிங்கில் இருந்தேன். நாலு தடவையும் பார்த்தேன். நீ அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை. என்னவோ ஆகிவிட்டது என்று முதல் மணியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிலக்கரி டார்கெட்டைப் பற்றிப் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று பாராட்டினார்கள்.

நமக்கு நடுவில் அம்மாவுக்கு இரண்டு போனது உனக்குத் தெரியாது. இரண்டாவது போகும்போது எனக்கு ஒன்பது வயசு. மூன்றாம் நாள் அம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, "களைக்கு நேரமாச்சி, வூட்ட பாத்துகினு இரு" என்று போய்விட்டாள். நானும் அழவில்லை. நல்ல பெண் என்று தூக்கிவைத்துக்கொண்டார்கள். போனதைப் பற்றிப் பேசாமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே பிடித்துக்கொண்டேன். அதனால்தான் உன்னிடம் ஜனவரி என்றேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

அன்றைக்கு உனக்கு என்ன நடந்தது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். சொல்ல வேண்டாமென்றால் சொல்லாதே.

தனகோட்டி

*

ஓசூர்
12 அக்டோபர் 2025

அக்கா,

சொல்கிறேன்.

காலை பத்து மணி இருக்கும். சிவா ஷிப்டுக்குப் போய்விட்டார், உள்ளே போன் அனுமதியில்லை. துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கால் வழியாக இறங்கியது. முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன், நாலு தடவை. அப்புறம் தெருமுனை ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டேன். ஓட்டுகிறவர் பெயர் ஃபாரூக். என் புடவையைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டில் தன் துண்டை விரித்தார். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சிவா வந்து சேரும்வரை மூன்று மணி நேரம், வராந்தாவில் என் பெஞ்சுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சரியாயிடும் என்று சொல்லவில்லை, கடவுள் இருக்கார் என்று சொல்லவில்லை. ஒரு தடவை மட்டும் "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார்.

நீ எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இத்தனை மாதம் நீ எடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டே இருந்தேன். அதை உன்மேல் வைத்திருந்தேன். அது நியாயமில்லை, திருப்பி எடுத்துக்கொள்கிறேன். போனை எடுக்காமல் விட்டதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குப் போனது எனக்குத் தெரியாது அக்கா. ஒன்பது வயசு உனக்கு. யாராவது உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

இந்த மாதக் கடைசியோடு ஒரு வருஷம் ஆகிறது. 29-ஆம் தேதி புதன்கிழமை. சிவா லீவ் போட முடியாது. நீ வா.

டாக்டர் பெயர், சார்ட், உபவாசம் எதுவும் கொண்டு வராதே. சமைக்கிறேன் என்று அடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே. நான் அழுதால் தேற்றாதே. பக்கத்தில் இரு, போதும். மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, தேடாதே.

வருவதை யாருக்கும் சொல்லாதே. பாஸ்டரம்மாவுக்கும் சொல்லாதே, புவனாவுக்கும் சொல்லாதே, அந்த இசைப்பிரியாவுக்கும் சொல்லாதே. வந்துவிட்டுப் போன பிறகும் சொல்லாதே.

நிலா

*

நெய்வேலி
17 அக்டோபர் 2025

நிலா,

கடிதம் நேற்று வந்தது. 29-க்கு லீவ் எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போட்டேன். திருவண்ணாமலை போய் அங்கிருந்து ஓசூர் பஸ். நேரம் சொல்லவில்லை, நீ வாசலில் நின்று காத்திருக்க வேண்டாம்.

இன்று ஆபீஸிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். வெளியே ஜான் பீவியக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார். "என்ன தனம், முகம் ஒரு மாதிரி இருக்கு, எதுனா விசேஷமா?" என்று கேட்டார். வாய்வரை வந்தது. ஒன்றுமில்லைக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாருக்கும் சொல்லக் கூடாது என்றாய். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எழுதவில்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

நிலா, என் தங்கை என்னை வரச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா